பூனைக்கு முடி கொட்டிப் பக்கு கட்டினால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுப் பூனைக்குக் காதோரம் பக்கு கட்டி, நெற்றி முடி கொட்ட ஆரம்பித்தபோது ஆளுக்கொரு களிம்பு சொன்னார்கள். முதலில் போன கிளினிக்கில் தொட்டுப் பார்த்த கையோடு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். சீட்டில் மருந்தின் பெயரும் இல்லை, நோயின் பெயரும் இல்லை. சில நாள் அரிப்பு அடங்கியது, பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பியது. கடைசியில் வேறொரு மருத்துவர் காதோரத்தைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வந்து பாருங்கள்" என்றார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு பூச்சிகள் நெளிந்துகொண்டிருந்தன. சில நிமிட வேலை அது. முதல் நாளே நடந்திருந்தால் அந்தப் பூனை அத்தனை வாரம் அவதிப்பட்டிருக்காது.

பக்கும் வழுக்கையும் பல நோய்களில் ஒரே மாதிரி தெரியும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கிளறிவிடும். அதனால்தான் கீழே சொல்லும் வரிசை முக்கியம்.

1. எதையும் தடவாதீர்கள், படம் எடுங்கள்

பக்கைப் பார்த்ததும் கை தேங்காய் எண்ணெய்க்கோ மஞ்சளுக்கோ போகும். வேண்டாம். பூனைமேல் எதைத் தடவினாலும் அரை மணி நேரத்தில் நக்கி உள்ளே தள்ளிவிடும். அதோடு, படர்தாமரை இருக்கிறதா என்று மருத்துவர் ஒரு புற ஊதா விளக்கில் பார்ப்பார். மஞ்சளும் சில களிம்புகளும் அந்த விளக்கில் தாமாகவே ஒளிரும். எது பூஞ்சை, எது பூச்சு என்று தெரியாமல் போகும்.

இதைவிடப் பெரிய பொறி மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த டியூப் ஒன்றை எடுத்துத் தருவார்கள். டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு உடனே தணியும், ஆனால் படர்தாமரை இருந்தால் அடியில் பரவிக்கொண்டே போகும்.

ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். முகம், இரண்டு காது, கழுத்து, முதுகு, வயிறு, நான்கு கால். வாரம் ஒரு முறை அதே இடங்களை மறுபடியும் எடுத்து வையுங்கள். பூனை தேறுகிறதா இல்லையா என்று தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது, படம் காட்டிக்கொடுக்கும்.

காரணம் தெரியும்வரை பூனையை ஒரு தனி அறையில் வையுங்கள். குழந்தைகளோடு படுக்க விடாதீர்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். படர்தாமரையும் ஒரு வகைச் சொறியும் மனிதர்களுக்கும் வரும்.

2. எந்த இடத்தில் முடி போயிருக்கிறது?

நீங்கள் நோயைக் கண்டுபிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும், சரியான பரிசோதனையைக் கேட்கவும் இது உதவும்.

வாலின் அடிப்பக்கம், இடுப்பு, தொடையின் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களில் முடிக்கு எதிர்த்திசையில் விரலை ஓட்டினால் ரவை ரவையாகத் தட்டுப்படுகிறதா? பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், உடம்பெல்லாம் பக்கு வந்துவிடும். "என் பூனை மேல் ஒரு பூச்சிகூட இல்லையே" என்று சொல்லாதீர்கள். அரிப்பெடுத்த பூனை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடும்.

காதோரம் தடித்து, சாம்பல் நிறத்தில் பக்கு அடுக்கடுக்காகப் படிந்து, முகம், கழுத்து என்று இறங்குகிறதா? பூனை சதா சொறிந்துகொண்டே இருக்கிறதா? அது பெரும்பாலும் நோட்டோட்ரிஸ் என்ற சிற்றுண்ணியால் வரும் சொறி. நம் தெருக்களில் முகம் சுருங்கி, கண் பாதி மூடியபடி திரியும் பூனைகள் பலவற்றுக்கு இருப்பது இதுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலிலேயே சீக்கிரம் குணமாகும் நோய்களில் ஒன்று. தெருப்பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

வட்ட வட்டமாக முடி போய், செதில் உதிர்ந்து, ஓரத்தில் முடி ஒடிந்து குத்திட்டு நிற்கிறது, ஆனால் அரிப்பு பெரிதாக இல்லை என்றால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். குட்டிகளுக்கும் பெர்ஷியன் பூனைகளுக்கும் அதிகம் வரும். பூனைகளில் பெரும்பாலும் இதற்குக் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை.

வயிறும் உள்தொடையும் மழமழவென்று வழுக்கையாகி, பக்கே இல்லாமல் இருந்தால் முடி தானாகக் கொட்டவில்லை, பூனை நக்கி எடுக்கிறது. தெள்ளுப்பூச்சி, உணவு ஒவ்வாமை, மனஅழுத்தம், சிறுநீர்ப்பை வலி என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஆண் பூனை லிட்டர் பெட்டியில் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வராமல் எழுந்தால் தோலை மறந்துவிட்டு அன்றே, அந்த மணி நேரமே மருத்துவரிடம் ஓடுங்கள். சிறுநீர் அடைப்பு உயிரை எடுக்கும்.

வெள்ளைக் காது உள்ள பூனைக்குக் காது நுனியில் பக்கு வந்து, விழுந்து, மறுபடி வந்து ஆறாமலே இருந்தால் வெயிலால் வரும் தோல் புற்றுநோயாக இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி மெலிந்திருப்பது எல்லாப் பூனைக்கும் இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

3. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஒரு பேன் சீப்பு, ஒரு வெள்ளை டிஷ்யூ, கொஞ்சம் தண்ணீர் போதும். வாலின் அடிப்பக்கத்தையும் கழுத்தையும் சீப்பால் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த டிஷ்யூவில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது பூனையின் செரித்த ரத்தம். கறுப்பாகவே இருந்தால் வெறும் அழுக்கு. ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் தெள்ளுப்பூச்சியே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

ஆசனவாய்ப் பக்கம் அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

தடுப்பூசிப் புத்தகம். பழைய சீட்டுகள் எல்லாம், கிழிந்திருந்தாலும். ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் அந்த டியூபையே கொண்டு போங்கள். பெயர் மறந்தாலும் அட்டை பேசும். செல்போனில் எடுத்த படங்கள். பூனை என்ன சாப்பிடுகிறது என்ற பட்டியல், மீன் சாதம், பால், பிஸ்கட் வரைக்கும். வீட்டில் வேறு எத்தனை பூனை, நாய், யாருக்காவது தோலில் வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்ற தகவல். பெண் பூனை என்றால் சினையா, பால் கொடுக்கிறதா என்பதும் அவசியம். சில மருந்துகள் அப்போது கொடுக்கக் கூடாதவை.

எடையும் வேண்டும். பூனையைத் தூக்கிப்போகும் கூடையான கேரியரோடு ஒரு தடவை, வெறும் கேரியரை ஒரு தடவை எடை போட்டுக் கழித்தால் தெரிந்துவிடும். பூனை மருந்து முழுக்க எடைக் கணக்கு.

போவதற்கு முன் ஒரு வாரமாவது குளிப்பாட்டாதீர்கள். குளித்து வந்த பூனையின் தோலில் தேட வேண்டியது பாதி போயிருக்கும்.

5. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"ஸ்கின் ஸ்க்ரேப்பிங் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று மரியாதையாக, ஆனால் கட்டாயம் கேளுங்கள். பிளேடில் ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய் விட்டு, லேசாக ரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், பூனைக்கு அவ்வளவு வலிக்காது. நோட்டோட்ரிஸ் சொறியாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஸ்லைடிலேயே சிக்கிவிடும்.

இரண்டாவது, முடியைப் பிடுங்கிப் பார்ப்பது. முடி நுனி ஒடிந்திருந்தால் பூனை நக்குகிறது என்று அர்த்தம். முடித்தண்டில் பூஞ்சை வித்துகள் ஒட்டியிருப்பதும் இதில் தெரியலாம்.

மூன்றாவது, இருட்டறையில் வுட்ஸ் விளக்கு, அதாவது முதலில் சொன்ன புற ஊதா விளக்கு. படர்தாமரை பிடித்த முடித்தண்டு பச்சையாக ஒளிரும். கவனியுங்கள், முடி ஒளிர வேண்டும். செதில் மினுங்குவது கணக்கில் வராது. ஒளிரவில்லை என்பதால் படர்தாமரை இல்லை என்றும் ஆகிவிடாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் பூஞ்சை கல்ச்சர், அதாவது முடியை ஆய்வகத்தில் வைத்துப் பூஞ்சை வளர்கிறதா என்று பார்ப்பது. முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து வேறு கிளினிக் போய் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

பரிசோதனை எதுவும் இல்லாமல் ஊசி போடப் போனால் "இது ஸ்டீராய்டா?" என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையில் பூனை தன்னையே கிழித்துக்கொள்ளும்போது அது வேண்டியிருக்கும். ஆனால் படர்தாமரை இல்லை என்று பார்த்த பிறகு போட வேண்டியது. அடிக்கடி போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரவும் வாய்ப்புண்டு.

பக்கத்துக் கிளினிக்கில் மைக்ராஸ்கோப் வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னையில் வேப்பேரி, வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. கட்டணம் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். நாய்கள் குரைக்கும் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் கேரியரைத் துண்டால் மூடி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பூனைமேல் படவே கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாய்க்கான தெள்ளு, உண்ணி மருந்துகள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகும். "கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். உண்ணிக்குக் கலக்கிக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. வீட்டில் நாயும் இருந்து, அதற்குப் பெர்மெத்ரின் போட்டிருந்தால் அது காயும்வரை பூனையை ஒட்ட விடாதீர்கள்.

டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய், டீ ட்ரீ ஆயில். எல்லாம் பூனைக்கு நஞ்சு. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும், காய்ச்சல் அடித்தாலும் கொடுக்கக் கூடாது.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை வாங்கி வீட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் அடர்த்தி. மூன்று கிலோ பூனைக்கு மருத்துவர்கள் எடுப்பது சுமார் 0.06 மில்லிலிட்டர், ஒரு துளியைவிடச் சற்றே கூடுதல். சிரிஞ்சில் ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு ஆகிவிடும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், மயக்கம் என்று போய் முடியும். அந்த ஊசி மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

7. சிகிச்சை எப்படிப் போகும், எத்தனை நாள்

சொறி என்றால் பெரும்பாலும் செலாமெக்டின் போன்ற சொட்டு மருந்து, அல்லது ஐவர்மெக்டின் ஊசி. ஒரு தடவையோடு முடியாது, மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடியும் வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் பக்கு தானாக உதிரும். நீங்கள் பிய்க்காதீர்கள், அடியில் பச்சைப் புண் இருக்கும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும். ஒன்றை விட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

தெள்ளுப்பூச்சி என்றால் பூனைக்கென்றே உள்ள ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்ற சொட்டு மருந்து. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். முடியில் விட்டால் காசு வீண். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் வேண்டாம். மாதம் ஒன்று என்று குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். கூட்டுப்புழுக்கள் தரையிடுக்கில் வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். முதல் மாதம் குறைந்து, இரண்டாம் மாதம் மறுபடி பூச்சி தெரிவது அதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்துக்குத் தெள்ளுப்பூச்சி வருடம் முழுக்க உண்டு.

படர்தாமரைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். வாய்வழியே இட்ராகோனசால், வெளியே மருந்து ஷாம்பு அல்லது சுண்ணாம்பு கந்தகக் கரைசல், இரண்டும் சேர்த்து. குறைந்தது ஆறு வாரம், பல பூனைகளுக்கு அதற்கு மேலும். சுண்ணாம்பு கந்தகம் அழுகிய முட்டை வாடை அடிக்கும், வெள்ளைப் பூனை மஞ்சளாகும். ஆனால் நன்றாக வேலை செய்யும். மனிதர்களுக்கான கேப்சூலைப் பிரித்துப் பங்கிடச் சொன்னால் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று மருத்துவர் கையாலேயே ஒரு முறை பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரல் கெடும்.

உணவு ஒவ்வாமையா என்று தெரிய எட்டு வாரம் ஒரே உணவு. இதுவரை சாப்பிடாத புரதம், அல்லது இதற்கென்றே உள்ள, புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த ஹைட்ரலைஸ்டு தீவனம். இடையில் பாட்டி ஒரு துண்டு மீன் போட்டால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த நோயானாலும் நகத்தை வெட்டி, கழுத்தில் கோன் (நக்கவும் சொறியவும் விடாத கூம்பு வளையம்) மாட்டினால் புண் ஆறும் வேகமே வேறு. கோன் போட்ட பூனைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மருந்து கொடுக்கும்போது கீறியோ கடித்தோ விட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம்.

8. வீட்டுக்கும் வைத்தியம்

பூனை படுக்கும் துணி, சோபா உறை, கால்மிதி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறையாவது துவைத்து வெயிலில் போடுங்கள். தெள்ளுப்பூச்சி என்றால் கட்டிலடி, சுவரோரம், பாய் மடிப்பு ஆகிய இடங்களில் வேக்குவம் போட்டு, தூசியை அன்றே வெளியே கொட்டுங்கள். முட்டையும் புழுவும் இருப்பது அங்கேதான், பூனை மேல் இருப்பது கொஞ்சம்.

படர்தாமரை என்றால் உதிர்ந்த முடிதான் எதிரி. வித்துகள் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும்கூட உயிரோடு இருக்கும். முதலில் முடியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், துடைப்பம் போட்டால் பறக்கும். பிறகு சோப்புத் தண்ணீர். கடைசியாக, ஒரு பங்கு வீட்டு ப்ளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். ப்ளீச்சோடு வேறெதையும் கலக்காதீர்கள். துடைக்க முடியாத கம்பளம், அட்டைப் பெட்டி, பூனை ஏறும் கயிற்றுக் கம்பம் இவற்றைத் தூக்கி எறிவது மேல்.

வீட்டில் யாருக்காவது வட்டமாகச் சிவந்தால் தோல் மருத்துவரிடம் "வீட்டில் பூனைக்கு இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

9. செலவு

ஊருக்கு ஊர் மாறும், ஆனால் தனியார் கிளினிக்கில் உத்தேசமாக இப்படித் தயாராக இருங்கள். பார்க்கும் கட்டணம் 300 முதல் 700 ரூபாய், ஸ்க்ரேப்பிங்குக்கு 200 முதல் 500, கல்ச்சருக்கு 1,000-ஐ ஒட்டி, சொட்டு மருந்து ஒரு குழாய் 400 முதல் 1,000. சொறி இருப்பதில் மலிவு. படர்தாமரைதான் பணத்தைக் கரைக்கும், அதுவும் பல பூனை உள்ள வீட்டில். முதல் நாளே "மொத்தச் சிகிச்சைக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும், எத்தனை தடவை வர வேண்டும்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையில் காசு குறைவென்றால் கல்லூரி மருத்துவமனைக்கோ அரசு கால்நடை மருத்துவமனைக்கோ போங்கள். கட்டணத்துக்குப் பயந்து களிம்புக் கடைக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

10. எப்போது நிறுத்துவது

முடி முளைக்க ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். படர்தாமரையில் முடி முழுக்க வந்த பிறகும் பூனை வித்துகளைச் சுமந்திருக்கலாம். கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகு, முடிந்தால் இரண்டாவது முறையும் சுத்தமாக வந்த பிறகு நிறுத்துவதுதான் சரி. சொறிக்கு மறுபடி ஒரு ஸ்க்ரேப்பிங் போதும். பக்கு போய், பட்டுப்போல முடி திரும்ப இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்த இடத்தில் கொஞ்ச காலம் நிறம் மாறி இருந்தால் கவலை வேண்டாம்.

புதிதாக ஒரு பூனையையோ தெருக்குட்டியையோ வீட்டுக்குள் கொண்டுவந்தால் தனி அறை, தனித் தட்டு, தனி லிட்டர். மருத்துவர் தோலைப் பார்த்து "சேர்க்கலாம்" என்று சொன்ன பிறகு மற்ற பூனைகளோடு விடுங்கள்.